பேனாவால் நட்ட பனை

எனக்குப் பயம் சளி மாதிரி. வருஷம் முழுக்க லேசாக இருக்கும். ஐப்பசி பிறந்தால் முற்றிவிடும். ஆசிரியப் பயிற்சிக்காகக் காஞ்சிபுரத்தில் விடுதியில் சேர்ந்தபோது, எங்கள் சேரியிலிருந்து இவ்வளவு தூரம் படித்து வந்த முதல் பெண் இவள்தான் என்று விடுதி அம்மா என்னை எல்லோரிடமும் காட்டிக் காட்டிச் சொன்னார். அந்த முதல் பெண் விளக்கு வைக்கும் நேரம் வந்தால் கட்டிலை விட்டுக் காலைக் கீழே வைக்க மாட்டாள். என்ன பயம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஊரில் இடி, ஏரி, பாம்பு என்று பயத்துக்கு ஒரு பேராவது இருந்தது. அங்கே அதுவும் இல்லை.

ஒரு சாயங்காலம் படபடப்பு தாங்காமல், கையில் இருந்த கட்டைப் பேனாவை மையில் தோய்த்து, நோட்டின் பின்பக்கத்தில் எதிரே இருந்த ஜன்னல் கம்பிகளை வரைய ஆரம்பித்தேன். வரைந்தேன் என்று சொல்வதுகூட அதிகம். ஒவ்வொரு கம்பியாகப் பார்த்து ஒவ்வொரு கோடாகப் போட்டேன், அவ்வளவுதான். எட்டாவது கம்பிக்கு வரும்போது மூச்சு சீராகியிருந்தது. அன்றிலிருந்து பயம் வந்தால் பேனாவை எடுப்பது என்று ஆகிவிட்டது. சில பேர் ஜெபமாலையை எடுப்பார்கள்.

பென்சிலை நான் தொட்டதே இல்லை. அழிக்கலாம் என்று தெரிந்தால் கண் சோம்பேறி ஆகிவிடும். மை அப்படி இல்லை. போட்ட கோடு போட்டதுதான். அதனால் ஒரு கோட்டுக்கு முன்னால் மூன்று தடவை பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கிற நேரத்தில் மனசுக்குள் வேறு எதுவும் ஓடாது. ஒரு புளியமரத்தை அரைமணி நேரம் வரைந்து முடித்தால், அந்த அரைமணி நேரமும் நான் இந்த உலகத்தில் ஒழுங்காக இருந்திருக்கிறேன் என்று ஒரு நிம்மதி வரும். நான் உள்ளதை உள்ளபடி பார்க்கிறவள் என்று எனக்குள்ளே கொஞ்சம் கர்வமும் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை நேர்மையாக இருக்காது.

பயிற்சி முடித்ததும் என் ஊருக்கே வேலை கிடைத்தது. உத்திரமேரூரிலிருந்து மூன்று மைல். ஊர் மேற்கே, ஏரி கிழக்கே, இரண்டுக்கும் நடுவில் ஏரிக்கரையின் அடிவாரத்தில் எங்கள் நாற்பது வீடுகள். அப்போது சேரி என்றுதான் சொல்வார்கள். காலனி என்ற பேர் பிற்பாடு வந்தது. பள்ளிக்கூடம் ஓர் ஓட்டுக் கொட்டகை, அது மட்டும் கொஞ்சம் மேட்டில் இருந்தது. ஐந்து வகுப்புக்கும் நான் ஒருத்திதான். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டதால் வீட்டில் நானும், நைனா என்று நான் கூப்பிடுகிற அப்பாவும் மட்டும். நைனாவுக்கு வலதுகாலில் யானைக்கால். நாற்று நடவு, அறுப்பு எல்லாம் விட்டுப்போய், உட்கார்ந்து செய்கிற வேலை எது கிடைத்தாலும் செய்துகொண்டிருந்தார். எங்கள் வீடு கடைசி வரிசை, கரைக்கு மிக அருகில். மழைக்காலத்தில் என் தூக்கம் போவதற்கு அந்த ஒரு விஷயம் போதும். கரை உடைந்தால் எல்லோரும் ஓடலாம், நைனாவால் ஓட முடியாது.

அதனால்தான் கரையை வரைய ஆரம்பித்தேன். நாலு மணிக்குப் பிள்ளைகள் போனதும் பள்ளிக்கூட வாசலில் பலகையைப் போட்டு உட்காருவேன். எதிரே கரையின் வெளிச்சரிவு முழுசாகத் தெரியும். இடது ஓரத்தில் மதகு. கரைமேல் மூன்று பனை, அப்புறம் நீளமாக ஒரு இடைவெளி, அப்புறம் இரண்டு பனை. இந்த இடைவெளி காகிதத்தில் விழுந்தால் பல் போன வாய் மாதிரி இருந்தது. இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் அங்கே ஒரு பனையை வைத்தேன். ஒரே ஒரு பனை. படம் உடனே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டது. அதற்குப் பிறகு எத்தனை தடவை வரைந்தாலும் கை தானாகவே அங்கே ஒரு பனையைப் போட்டது, ஆறு பனையோடு கரை பார்க்க லட்சணமாக இருந்தது.

அந்த வருஷம் ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. உபரித் தண்ணீர் போகிற கலங்கல் வழிய ஆரம்பித்து, ஏரி கரைக்கு மேல் எட்டிப் பார்க்கிற மாதிரி நிறைந்தது. நான் விடாமல் வரைந்தேன். ஒருநாள் சரிவில் புல் கொஞ்சம் கறுத்திருப்பதைப் பார்த்து, குறுக்குக் கோடுகள் போட்டு ஒரு கை அகலத்துக்கு நிழல் கொடுத்தேன். மறுநாளும் அது இருந்தது. நான்காம் நாள் வரைந்து முடித்து நாலு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கை அகலம் இருந்தது, பாய் அகலம் ஆகியிருந்தது.

முதலில் என்னையே சந்தேகப்பட்டேன். பயந்தவள் கை கறுப்பாகத்தான் போடும் என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன். எழுந்து போய்க் கிட்டத்தில் பார்த்திருந்தால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்திருக்கும். போகவில்லை. உண்மையாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். படங்களைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

"இன்னா கண்ணு, மொகம் வெளுத்துக் கீது?" என்றார் நைனா.

"கரைல தண்ணி கசியுது நைனா. நாளுக்கு நாளு பெருசாவுது."

"கசியறது எப்பவும் கசியுந்தான். தெளிஞ்ச தண்ணி வந்தா ஒண்ணும் இல்ல. கலங்கி வந்தாத்தான் பேஜாரு, உள்ளாற மண்ணு கரையுதுன்னு அர்த்தம். கலங்கி வருதா?"

"தெரியல. தூரத்துலருந்துதான் பாத்தேன்."

நைனா படங்களை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். எழுதப் படிக்கத் தெரியாத மனுஷர், ஆனால் காகிதத்தை எப்போதும் இரண்டு கையாலும்தான் பிடிப்பார். விரலை வைத்துப் பனைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார். ஏதோ கேட்க வாயெடுத்த மாதிரி இருந்தது. அப்புறம் துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, படங்களோடு ஊர் அதிகாரியான மணியக்காரர் வீட்டுக்கு நொண்டி நொண்டிக் கிளம்பினார்.

மணியக்காரர் எங்கள் ஆட்களை வாசலுக்கு வெளியே நிற்க வைத்துத்தான் பேசுவார். அன்றும் நைனா வெளியேதான் நின்றார். காகிதம் மட்டும் உள்ளே போனது. உள்ளே போன காகிதத்தைப் பார்த்துவிட்டு மணியக்காரர் உத்திரமேரூருக்கு, ஏரி மராமத்து பார்க்கிற ஓவர்சியரிடம் ஆள் அனுப்பினார். இதை நைனா வந்து சொன்னபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்கு ஒரு நிமிஷம் கரையே மறந்துபோனது.

மறுநாள் விடிந்ததிலிருந்து வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. பதினோரு மணிக்கு ஓவர்சியர் குடையோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார். தமுக்கு அடித்தாகிவிட்டது. வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியும் கூடையுமாகக் கரைக்கு வரவேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பெண்களையும் பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்தில் ஏற்றினார்கள். நைனா கரையின் அடியில் உட்கார்ந்து சாக்கில் மண் நிரப்பும் வேலையை எடுத்துக்கொண்டார். வேண்டாம் என்று சொன்னேன். உட்கார்ந்து செய்கிற வேலைதானே என்றார்.

சரிவு முழுக்க மழைத்தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. எது மழை, எது கசிவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஓவர்சியர் குடைக்கடியில் என் படத்தை விரித்தார்.

"யார் போட்டது இது?"

"எங்க டீச்சருங்க," என்று நாலைந்து பேர் சேர்ந்து சொன்னார்கள்.

"ப்ளான் மாதிரி சுத்தமா இருக்கே." விரலால் எண்ணினார். "மதகுலேர்ந்து நாலாவது பனை. அதுக்கு நேர் கீழே. அங்கே மூட்டையை அடுக்குங்க, உள்பக்கம் வைக்கோல் பிரியும் களிமண்ணும் போட்டு மிதிங்க."

இதெல்லாம் பிற்பாடு எனக்குச் சொன்னார்கள். நான் அப்போது பள்ளிக்கூடத்துக்குள் அழுகிற பிள்ளைகளைச் சமாளித்துக்கொண்டிருந்தேன். மதகுத் தண்ணீரைத் திறந்து மூடுகிற பெரியவர் எங்கள் ஆள்தான். அவர் கரைமேல் நின்று, "பன ஒண்ணு கொறையுதே, எடவெளில காணோமே," என்றாராம். பக்கத்தில் இருந்தவர், "காகிதத்துல கீது இல்ல? நாலாவதுன்னா அதோ நிக்குதே, அதுதான். நம்ப இன்னாத்த கண்டோம்," என்றாராம். அந்தப் பனைகளில் ஏறி நுங்கு வெட்டியவர்கள் அவர்கள். கண்ணைக் கட்டி விட்டாலும் அந்தக் கரையில் கால் தடுக்காமல் நடப்பார்கள். ஆனால் பட்டா, சம்மன், கைநாட்டுப் பத்திரம் என்று காகிதத்திடம் தோற்றே பழகியவர்கள். இந்த ஒரு காகிதம்தான் அவர்கள் பக்கத்திலிருந்து போய் ஜெயித்த காகிதம். அதைப் போய் யார் சந்தேகப்படுவார்கள்?

பிள்ளைகள் அழுகையை நிறுத்துவதற்காக வாய்ப்பாடு சொல்லச் சொன்னேன். மூன்றாம் வாய்ப்பாடு ஆரம்பித்த நேரத்தில் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தேன். ஆட்கள் எல்லோரும் இடைவெளியைத் தாண்டி, அந்தப் பக்கத்துப் பனையின் கீழே மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மூட்டைகள் அங்கே போய்விட்டதால் இடைவெளிக்குக் கீழே ஒருவர் மட்டும்தான் இருந்தார். நைனா. மண்ணைச் சாக்கில் தள்ளிக்கொண்டிருந்தார்.

ஏன் அங்கே அடுக்குகிறார்கள் என்று முதலில் புரியவில்லை. அப்புறம் எண்ணிப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நான் வைத்த பனை கரைமேல் இல்லை. அது இல்லாததால் நாலாவது பனை தள்ளிப்போய்விட்டது.

இதற்கு அப்புறம் நான் செய்ததை ரொம்ப வருஷம் யாரிடமும் சொன்னதில்லை. நான் ஓடவில்லை. வாசலில் நின்றுகொண்டே இருந்தேன். ஓவர்சியர் என்ன சொல்வார், மணியக்காரர் நைனாவை என்ன கேட்பார், டீச்சர் போட்ட படம் பொய் என்று தெரிந்தால் இனிமேல் எங்கள் காகிதம் எதுவாவது அந்த வாசலைத் தாண்டி உள்ளே போகுமா என்றெல்லாம் மனசு கணக்குப் போட்டது. ஒருவேளை நான் நினைப்பது தப்பாக இருக்கலாம், அவர்கள் பார்த்துத்தான் செய்வார்கள் என்றும் தோன்றியது. என் முதுகுக்குப் பின்னால் பிள்ளைகள் நாலாம் வாய்ப்பாடு முடித்தார்கள், ஐந்தாம் வாய்ப்பாடு முடித்தார்கள். ஆறு கொஞ்சம் தடுமாறி, நான் திருத்தாததால் அவர்களே திருத்திக்கொண்டு போனார்கள். ஏழாம் வாய்ப்பாடு முடிகிற வரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. அப்பா கரையடியில் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்தே திறக்கவில்லை.

கரை லேசாகச் சரிந்ததைப் பார்த்தபோதுதான் கால் நகர்ந்தது. இடைவெளிக்குக் கீழே ஒரு கூடை மண் தானாகப் பெயர்ந்து வழுக்கிக்கொண்டு வந்தது. அலறிக்கொண்டு ஓடினேன். இரண்டு தடவை விழுந்தேன். ஓவர்சியர் முன்னால் போய் நின்று, "அந்தப் பன இல்லைங்க. நான்தான் வச்சேன். படத்துக்காக," என்றேன்.

"என்னம்மா விளையாடுறியா?" என்றார் அவர்.

எங்கள் ஆட்கள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மதகுப் பெரியவர் தலையில் இருந்த மூட்டையை இறக்காமலே, "செரி டீச்சரு, எங்கன்னு காட்டு. அங்க போடறோம்," என்றார்.

காட்டுவதற்குக் கையைத் தூக்கினேன். தூக்கிய கை அப்படியே நின்றது. அந்த இடைவெளி அறுபது எழுபது அடி நீளம் இருக்கும். அதில் எங்கே? கண்ணை மூடினால் பனை தெரிந்தது, பனைக்குக் கீழே கறுப்பு தெரிந்தது. அந்தப் பனை இல்லாத பனை. கசிவு இருந்த இடத்துக்கு மேலே பனையை வைத்தேனா, பனையின் காலடியில் நிழல் அழகாக விழும் என்று கசிவை அங்கே நகர்த்தினேனா, எனக்கே தெரியவில்லை. அத்தனை நாள் உட்கார்ந்து அத்தனை தடவை பார்த்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முதல் இரண்டு நாளைக்குப் பிறகு, அந்தக் கறுப்பின் அகலத்தைத் தவிர, நான் கரையைப் பார்க்கவே இல்லை. என் படத்தைப் பார்த்துத்தான் என் படத்தைப் போட்டிருக்கிறேன்.

"எனக்குத் தெரியல," என்றேன். அப்புறம் நைனாவைப் பார்த்து, "நைனா, எனக்குத் தெரியல. நீ பாரு," என்று கத்தினேன்.

நைனா எழுந்தார். யானைக்காலுக்கு உணர்ச்சி மட்டு. அதனால் அந்தக் காலில் பாரத்தைப் போட்டு நின்றுகொண்டு, நல்ல காலால் சரிவின் அடியை மிதித்து மிதித்துப் பார்த்துக்கொண்டே நகர்ந்தார். ஓடி வா என்று சொல்லவேண்டிய மகள், இன்னும் உள்ளே போ என்று அவரை அனுப்பிவிட்டு நின்றேன். ஓர் இடத்தில் நின்றார். குனிந்து இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி மூக்குக்குக் கொண்டுபோனார்.

"இங்கதான். மண்ணு ஆடுது. ஏரி வண்டல் நாத்தம் அடிக்குது," என்றார்.

மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு வந்து சேருவதற்குள் அந்த இடத்தில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு கிளம்பிவிட்டது. நைனாவை இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி வெளியே இழுத்துப் போட்டார்கள். இருட்டுவதற்குள் ஓட்டையை அடைத்துவிட்டார்கள். கரை நின்றது. ஆனால் அதற்குள் பாய்ந்த தண்ணீரில் கடைசி வரிசையில் மூன்று வீடுகளின் மண்சுவர் கரைந்து உட்கார்ந்துவிட்டது. எங்கள் வீடு அந்த மூன்றில் ஒன்று இல்லை. அது எனக்கு இன்னும் கேவலமாக இருந்தது. நாலாம் வாய்ப்பாட்டிலேயே நான் ஓடியிருந்தால் அந்தச் சுவர்கள் நின்றிருக்கும்.

வீடு போன மூன்று குடும்பமும் அடுத்த வாரம் உதவி கேட்டு மனு எழுத என்னிடம்தான் வந்தார்கள். வேறு யாரிடம் போவார்கள்? ஒவ்வொரு வாக்கியமும் எழுதுமுன் அந்தந்த வீட்டுக்குப் போய், எத்தனை அடிச் சுவர், எத்தனை மூங்கில் என்று தொட்டுப் பார்த்து எழுதினேன். என்ன டீச்சர் இவ்வளவு பார்க்கிறாய் என்றார்கள்.

கார்த்திகை பிறந்து வெயில் அடித்த ஒரு நாள் நைனா கேட்டார். "ஏங் கண்ணு, அந்தப் பனைய அங்க ஏன் வச்ச?"

"அழகா இருக்கும்னு வச்சேன் நைனா."

சுவரோரம் காய வைத்திருந்த கரைப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "அழகாத்தாங் கீது," என்றார். "நான் எண்ணும்போதே ஒண்ணு ஜாஸ்தியா கீதேன்னு தோணிச்சு. நீ போட்டா செரியாத்தான் இருக்கும்னு வுட்டுட்டேன்."

அதில் கோபம் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு ரேஷன் அறிவிப்போ, கடிதாசோ, நான் எதைப் படித்துக் காட்டினாலும், முடித்ததும் ஒரு கேள்வி கேட்பார். "அப்பிடியே எய்திக் கீதா, இல்ல அழகுக்குச் சேத்தியா?" சிரித்துக்கொண்டேதான் கேட்பார். நானும் சிரிப்பேன். உள்ளுக்குள் ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்தச் சரிவு வழுக்கும்.

நான் வரைவதை விடவில்லை. விட்டால் பயத்தை என்ன செய்வது? ஆனால் தூரத்தில் உட்கார்ந்து வரைவதை விட்டுவிட்டேன். ஒரு மரத்தை வரையவேண்டும் என்றால் முதலில் போய் அதைச் சுற்றி வருவேன். அப்படியும் இடைவெளி வந்தால் பேனா அரிக்கும். அரிப்பு அடங்கும் வரை பேனாவைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

சில வருஷம் கழித்து நைனாவுக்கு வயிற்றில் வலி வந்தது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன், நாலு நாள் வைத்திருந்து பார்த்தார்கள். ஐந்தாம் நாள் காலையில் டாக்டர் ஒரு சீட்டு எழுதி என் கையில் கொடுத்தார். இங்கிலீஷில் இருந்தது, எனக்குப் புரிகிற அளவு இங்கிலீஷ்தான். வராந்தா பெஞ்சில் நைனா தன் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து சீட்டைப் பிரித்தேன்.

"வயித்துல புண்ணாம் நைனா. மாத்திரை சாப்ட்டா ஆறிடுமாம்," என்றேன்.

நைனா என்னைத் திரும்பிப் பார்த்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. "அப்பிடியே எய்திக் கீதா கண்ணு?" என்றார்.

சீட்டை மறுபடி பிரித்தேன். முதல் வரியிலிருந்து, ஒவ்வொரு வரியாக, எழுதியிருந்ததை அப்படியே தமிழில் சொன்னேன். வயிற்றில் கட்டி. கத்தி வைக்கிற நிலைமை தாண்டிவிட்டது. வீட்டுக்கு அழைத்துப் போகலாம். நைனா கடைசி வரைக்கும் கேட்டார்.

"செரி," என்றார். "பஸ்ஸு எத்தினி மணிக்கு?"